படம் பகிரும் செயலி: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பழைய நண்பர்களைத் தேடிப் பிடிக்க இந்தச் சமூக வலைத்தளச் செயலி வசதியானது என்பதில் ஐயமில்லை. ஆனால், கணக்கைத் தொடங்கியதுமே கைப்பேசியின் தொடர்புப் பட்டியல் முழுவதையும் அது கேட்கிறது. ‘அனுமதி’ பொத்தான் பளிச்சென்ற நீலத்திலும், ‘இப்போது வேண்டாம்’ மங்கிய சாம்பல் நிறத்திலும் இருப்பது தற்செயல் அன்று. அனுமதித்துவிட்டால், இச்செயலியை எட்டிக்கூடப் பார்க்காதவர்களின் எண்களும் அந்நிறுவனத்திடம் போய்ச் சேர்கின்றன. என் தரவுகளைத் தரவிறக்கிப் பார்த்தபோது, எப்போதோ அழித்த எண் ஒன்று அதில் பத்திரமாக இருந்தது.

ஃபேஸ்புக்கின் கணக்குப்படியே 8.7 கோடிப் பேர் வரை பாதித்த, 2018இல் அம்பலமான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்தின் தரவு விவகாரத்தில், பெரும்பாலோரின் விவரங்கள் கசிந்தது அவர்களுடைய நண்பர்கள் நிரப்பிய வினாத்தாள் செயலி வழியாகத்தான். இங்கோ, பிற செயலிகளுக்கு அளித்த அனுமதியைத் திரும்பப் பெறும் பக்கம் ஐந்து அடுக்குகளுக்குள் புதைந்து கிடக்கிறது. இரண்டு நட்சத்திரம், அதுவும் படத்தரத்துக்காக.