ஃபிரெட் பஸ்: ட்ரஸ் ராடா, சாடிலா?

எலக்ட்ரிக் கிட்டார்ல கர்ர்ருனு சத்தம் (ஃபிரெட் பஸ்) வந்தா எதைத் திருப்பறதுன்னு நிறைய பேர் குழம்புறாங்க, முதல்ல எந்த ஃபிரெட்ல (நெக்ல, அதாவது கிட்டார் கழுத்துல குறுக்கே பதிச்ச உலோகப் பட்டை) வருதுன்னு பாருங்க, பாதி பதில் அங்கயே இருக்கு.

எங்க வருது: 1லருந்து 5க்குள்ள மட்டும்னா ட்ரஸ் ராட் (நெக்குக்குள்ள இருந்து அதோட வளைவை மாத்துற தண்டு). 12க்கு மேலன்னா சாடில் (கிட்டார் உடம்புப் பக்கம் கம்பி உட்காருற, உயரம் மாத்தக்கூடிய சின்ன துண்டு).

செலவு: ரெண்டுக்குமே சரியான சைஸ் ஆலன் கீ இருந்தா பெரும்பாலும் போதும்.

ரிஸ்க்: சாடிலை ஏத்திட்டு பிடிக்கலன்னா இறக்கிக்கலாம். ராட் அப்படி இல்ல, ஒரு தடவைக்கு கால் சுத்துக்கு மேல போகவே போகாதீங்க, டைட்டா இருந்தா நிறுத்திடுங்க, அது உடைஞ்சா நெக்கே போச்சு.

செக் பண்றது: 1வது ஃபிரெட்ல கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டு கடைசி ஃபிரெட்டை அழுத்திக்கிட்டு 7வது, 8வது கிட்ட கம்பிக்கு அடியில இடைவெளி பாருங்க, 0.25 மி.மீ. பக்கம் இருந்தா ராடை தொடவேணாம், இடைவெளியே இல்லன்னா தளர்த்தணும். சாடிலுக்கு 12வது ஃபிரெட்ல தடி ஈ கம்பி 2 மி.மீ. உயரம் இருந்தா நல்லது.

ரெண்டும் செய்யணும்னா ராடை முடிச்சிட்டுத்தான் சாடிலுக்கு போங்க, ஏன்னா நெக் வளைவு மாறினா கம்பி உயரமும் மாறிடும்.

ஒரே ஒரு ஃபிரெட்ல மட்டும் பஸ்ஸுன்னா இது ரெண்டும் உதவாது, பெரும்பாலும் அடுத்த ஃபிரெட் தூக்கியிருக்கும், லெவல் பண்ண ரிப்பேர்காரர்கிட்ட குடுங்க.