வாசிப்பு மூலை: நாலு வருஷம் புழங்கிய பிறகு

சென்னையில் இரண்டு படுக்கையறை ஃபிளாட். கூடத்தில் வடக்கு ஜன்னலை ஒட்டி ஆறடிக்கு நாலடி இடம். அங்கே ஒரு பழைய தேக்கு மேசை, ஒயர் நாற்காலி, புத்தக அலமாரி, இரண்டு விளக்கு. படிப்பது, எழுதுவது, வீட்டுக் கணக்குப் பார்ப்பது எல்லாம் நாலு வருஷமாக இங்கேதான். இதுபோல ஒரு மூலை அமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் நாற்காலியையும் குஷனையும் பற்றித்தான் கேட்கிறார்கள். பணத்தை முதலில் வெளிச்சத்துக்குப் போடுங்கள், குஷன் அப்புறம்.

பகலில் வடக்கு ஜன்னலுக்கு ஈடில்லை. வெயில் நேராக விழாது, கண் கூசாது, புத்தக முதுகுகளும் வெளுக்காது. ஆனால் கோடையில் கொஞ்சம் மாறும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயில்கூடச் சென்னைக்கு வடக்கேதான் நிற்கிறது. அந்த மாதங்களில் காலையிலும் சாயங்காலமும் சாய்வாக உள்ளே வரும் வெயிலுக்கு ஒரு மூங்கில் தட்டி போதும். மேற்கு ஜன்னல் மட்டும்தான் இருக்கிறது என்றால், மூன்று மணிக்கு மேல் அங்கே உட்காரும் ஆசையை விட்டுவிடலாம். வலது கையால் எழுதுகிறவர்களுக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரவேண்டும். இல்லாவிட்டால் எழுதுகிற கையின் நிழலே வரி மேல் விழும். அதற்காக நான் கிழக்கு பார்த்து உட்காருகிறேன். வாஸ்து பார்க்கும் மாமியாருக்கும் திருப்தி.

ராத்திரி விஷயம் வேறு. ஒன்பதடி உயரத்தில் ஒரு எல்இடி டியூப்லைட் எரிந்தால் கூடம் பளிச்சென்று இருக்கும். மேசை மேல் மொபைலை வைத்து லக்ஸ் (ஒரு இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) அளக்கும் செயலியில் பார்த்தால் 100-ஐ ஒட்டித்தான் காட்டும். நிதானமாகப் படிக்க 300 முதல் 500 லக்ஸ் வேண்டும் என்பார்கள். இதற்காக இன்னொரு டியூப்லைட் மாட்டத் தேவையில்லை. விளக்குக்கும் தாளுக்கும் உள்ள தூரம் பாதியானால் வெளிச்சம் ஏறத்தாழ நாலு மடங்காகும். அதனால் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு 9 வாட் பல்பு போதும். வயதானவர்கள் படிக்கும் இடமென்றால் இன்னும் கூடுதலாக வேண்டும். அறுபது வயதில் கண்மணி சுருங்கிவிடும், கண் வில்லையும் மஞ்சளிக்கும். இருபது வயதில் கண்ணுக்குள் போன வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போகும். அப்பா வந்தால் பேப்பரோடு இந்த விளக்கடிக்கு வந்துவிடுவார், கூடத்து சோபா காலியாகக் கிடந்தாலும்.

கடையில் பல்பு கேட்டால் கையில் கொடுப்பது 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். ராத்திரி பத்து மணிக்கு அதன் கீழே உட்கார்ந்தால் ஏதோ ஆஸ்பத்திரியில் இருப்பதுபோல இருக்கிறது. மேசை விளக்கில் 4000, பின்னால் சுவரைப் பார்த்து எரியும் சின்ன விளக்கில் 2700 போட்டிருக்கிறேன். அந்த இரண்டாவது விளக்கு அலங்காரத்துக்கு இல்லை. இருட்டு அறையில் தாள் மட்டும் பளீரென்று இருந்தால், தலை நிமிரும் ஒவ்வொரு முறையும் கண் திண்டாடுகிறது. அட்டைப்பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு நூறுக்குப் போடும் மதிப்பெண்) 90 என்று போட்ட பல்பு கிடைத்தால் நல்லது, நிறங்கள் உள்ளபடி தெரியும். மலிவு பல்புகளில் இன்னொரு தொல்லை, கண்ணுக்குத் தெரியாத துடிப்பு. மொபைல் கேமராவைப் பல்புக்கு நேரே பிடித்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். அப்படி ஓடினால் படிக்கும் மேசைக்கு அது வேண்டாம். ஃபேனுக்கு மேலே இருக்கும் சீலிங் விளக்கும் இதே ரகம்தான். இறக்கையின் நிழல் பக்கம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும்.

விளக்கு வாங்கும்போது பல்பைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகையாகப் பாருங்கள். எல்இடி உள்ளேயே பொருத்தி வருபவை பார்க்க அழகுதான். ஆனால் அது போனால் விளக்கே குப்பைக்குப் போகும். மேசை விளக்கில் பெரும்பாலும் திருகு வகை ஹோல்டர்தான் இருக்கும். வீட்டுச் சுவரில் இருக்கும் பின் வகைப் பல்பு அதில் உட்காராது. வளைகிற கழுத்து விளக்கு ஒன்றும் வைத்திருந்தேன். மூன்றாம் வருஷம் கழுத்து தளர்ந்து தானாகவே குனிய ஆரம்பித்தது. இப்போது இருப்பது மேசை விளிம்பில் கவ்விக்கொள்ளும் ஸ்பிரிங் கை விளக்கு. நினைத்த இடத்தில் நிற்கிறது, மேசையிலும் இடம் அடைக்கவில்லை.

மேசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கடை மேசைகள் பெரும்பாலும் 30 அங்குல உயரம். என் உயரம் ஐந்தடி. அதில் எழுதினால் தோள்பட்டை காதுக்கு ஏறிவிடும். ஆசாரியைக் கூப்பிட்டுக் கால்களில் மூன்று அங்குலம் அறுக்கச் சொன்னேன். “நல்ல தேக்கும்மா, இதைப் போய் அறுக்கச் சொல்றீங்களே” என்று அரைமணி நேரம் மேசையைத் தடவிக்கொண்டே இருந்தார். அறுத்து முடித்து, வெட்டிய துண்டு நாலையும் தன் பையில் போட்டுக்கொண்டார். மொத்தச் செலவில் மிகக் குறைவு இதுதான், பலன் அதிகமும் இதில்தான். மேசை மேல் கண்ணாடி போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள்; விளக்கு முழுசும் அதில் தெரிந்து கண்ணைக் குத்தும்.

அலமாரியை வெளிச்சுவரில் சாய்க்காமல் உள்சுவர் பக்கம், இரண்டு அங்குலம் தள்ளி வைத்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவர் ஓதம் ஏறும்; அதை நம்பிப் புத்தகம் அரிக்கும் ராமபாணப் பூச்சி வரும். வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து தட்டுக்கு ஒன்று வைக்கிறேன். ஆனாலும் மாதம் ஒருமுறை புத்தகங்களை எடுத்துத் தட்டி வைப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. ஜன்னல் கொசுவலையையும் அதே நாளில் கழுவிவிடுவேன். தூசி படிந்த வலை பகல் வெளிச்சத்தை எவ்வளவு தின்கிறது என்பது கழுவிய பிறகுதான் தெரியும்.

நாற்காலிக்கு ரெக்சின் வேண்டாம், மே மாதம் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஒயர் நாற்காலியில் காற்று போகும். எனக்கு இருக்கும் ஒரே குறை, நடுவில் ஒயர் தொய்ந்துவிட்டது. பின்னிக் கொடுக்கிறவர் முன்பெல்லாம் தெருவிலேயே கூவிக்கொண்டு வருவார், இப்போது தேட வேண்டியிருக்கிறது.