மியாட்டாவுக்கு நல்ல சவுண்டு: போஸையே வச்சுக்கறதா, காம்போனென்ட் போடறதா, டிஎஸ்பிக்கு போறதா?

மியாட்டான்னு சொல்ற மாஸ்டா எம்எக்ஸ்-5, கூரை திறக்கற ரெண்டு சீட்டு கார், 2015ல வந்த என்டி மாடல், இதுக்கு ஆடியோ பிளான் பண்றவங்க முக்கால்வாசி பேர் ஸ்பீக்கர் பிராண்டுலதான் ஆரம்பிப்பாங்க. அந்த ட்வீட்டர் (மேல் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) சில்க் டோமா, இந்த கோன் கெவ்லாரான்னு மண்டைய உடைச்சுக்குவாங்க. ஆனா இந்த வண்டில ரிசல்ட்டை தீர்மானிக்கிறது வேற மூணு விஷயம்: துணி கூரை, ரெண்டே சீட்டு, 130 லிட்டர் டிக்கி. செடான்ல ஜம்முனு வேலை செஞ்ச செட்டப்பை அப்படியே இதுல தூக்கி வச்சா சப்புன்னு ஆயிடும்.

முதல்ல சத்தம். ஹைவேல டயர் சத்தமும் காத்து சத்தமும் சேர்ந்து மிட்பேஸ் ஏரியாவை, அதாவது கிக் டிரம், பேஸ் கிட்டார் இருக்கற இடத்தை, அப்படியே முழுங்கிடும். சரி வால்யூம ஏத்திக்கலாம்னா, காதுக்கு ரெண்டு மடங்கா கேக்கணும்னா சுமார் 10 டெசிபெல் வேணும், 10 டெசிபெல்னா 10 மடங்கு வாட். 20 வாட்டுல ஓடிட்டு இருந்தது 200 வாட் கேக்கும். அதனால "அம்பது வாட்டே தாராளம்ங்க" கதையெல்லாம் இங்க எடுபடாது.

ரெண்டாவது, கூரை மூடியிருந்தா சின்ன கேபின்ங்கறதால கீழ் பேஸ் இலவசமா ஏறும், கேபின் கெய்ன்னு சொல்வாங்க. கூரையை திறந்தீங்கன்னா அது அவ்ளோதான், போச்சு. ஒரே சப்பு (சப்வூஃபர், கீழ் பேஸுக்கான ஸ்பீக்கர்), ஒரே செட்டிங், ஆனா ரெண்டு வேற வண்டில உக்காந்த மாதிரி இருக்கும். இத மனசுல வச்சுக்கிட்டு ஆப்ஷன்களை பாருங்க.

கம்பெனி போஸ், அதாவது வண்டியோடவே வர்ற போஸ் பிராண்டு செட்டு: 9 ஸ்பீக்கர், அதுல ஹெட்ரெஸ்ட்டுக்குள்ளயே ஸ்பீக்கர் இருக்கு. பலர் இத மட்டமா பேசுவாங்க, நான் பேச மாட்டேன். காதுக்கு பக்கத்துல ஸ்பீக்கர் இருந்தா காத்து சத்தத்தோட மல்லுக்கட்ட வேண்டியதில்ல, கூரை திறந்து ஓட்டறப்ப பாட்டு வரி புரியறதே அதனாலதான். குறை என்னன்னா பாடறவங்க முன்னாடி டேஷ்போர்டு மேல நிக்காம பின்னந்தலைல நிக்கற மாதிரி இருக்கும், பேஸ் மெத்து மெத்துன்னு இருக்கும், இறுக்கம் இருக்காது. "ஸ்பீக்கரை மட்டும் மாத்திடலாம்"னு ஒரு ஐடியா வரும், வேண்டாம். போஸ் சிஸ்டங்கள்ல பெரும்பாலும் ஸ்பீக்கர் இம்பீடன்ஸ் (மின் தடை) வழக்கமான 4 ஓமை விட கம்மி, ஆம்பு அதோட சொந்த ஸ்பீக்கருக்கு ஏத்த மாதிரிதான் ஈக்யூ பண்ணி, அதாவது டோனை கூட்டிக் குறைச்சு, அனுப்பும். அதுல வெளி மார்க்கெட் 4 ஓம் செட்டை மாட்டினா சத்தமும் குறையும், டோனும் கோணலா வரும், காசு கொடுத்து பின்னாடி போறதுதான்.

பாசிவ் காம்போனென்ட் செட்டும் 4 சேனல் ஆம்பும்: ட்வீட்டரும் டோர் ஸ்பீக்கரும் தனித்தனியா வர்ற செட்டு, கடைல கேட்டா முதல்ல நீட்டறது இதுதான். கிளாரிட்டி கூடும், பவர் கூடும், மறுக்கல. ஆனா வலதுபக்க ஸ்டியரிங் வண்டில உங்களுக்கும் வலது டோர் ஸ்பீக்கருக்கும் 80 செ.மீ.ன்னு வைங்க, இடது டோருக்கு 130. சவுண்டு நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும், அந்த 50 செ.மீ. வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லி செகண்ட் லேட். அது போதும், மொத்த பாட்டும் உங்க வலது முழங்கால்கிட்ட வந்து குவிஞ்சுடும். எவ்ளோ விலை ஸ்பீக்கர் போட்டாலும் பாசிவ் கிராஸ்ஓவரால (சத்தத்தை ட்வீட்டருக்கும் டோருக்கும் பிரிச்சு அனுப்பற பெட்டி) இத சரி பண்ண முடியாது. ரெண்டு பேர் மட்டும் உக்கார்ற வண்டில, டிரைவர் சீட்டுக்குன்னே செட் பண்ற வசதி இருந்தும் அத விடறது வீண்னு தோணுது.

டிஎஸ்பி ஆம்பு, அதாவது சவுண்டை டிஜிட்டலா திருத்தி அனுப்பற ஆம்பு: என் ஓட்டு இதுக்குத்தான். ஹெலிக்ஸ், ஆடிசன், மினிடிஎஸ்பி, எந்த பிராண்டா இருந்தாலும் வேலை ஒண்ணுதான். ட்வீட்டருக்கு தனி சேனல், டோர் ஸ்பீக்கருக்கு தனி சேனல், உங்களுக்கு கிட்ட இருக்கற ஸ்பீக்கரை அந்த ஒன்றரை மில்லி செகண்ட் தாமதப்படுத்தறது, டோரை 80 ஹெர்ட்ஸுக்கு கீழ வெட்டறது, போஸ் ஆம்புல இருந்து சிக்னல் எடுத்தா அதோட ஈக்யூவை நேர் பண்றது. ஆனா மியாட்டாக்காரங்க இதுக்கு போக வேண்டிய நிஜ காரணம் பிரீசெட், அதாவது சேவ் பண்ணி வைக்கற செட்டிங். கூரை மூடினா ஒண்ணு, திறந்தா ஒண்ணு, திறந்ததுல சப்பும் மிட்பேஸும் சில டெசிபெல் தூக்கி வச்சுக்கலாம், ஒரு பட்டன்ல மாறிடும். போஸ் கூட கூரை நிலைய பார்த்து டோனை மாத்தும், ஆனா எவ்ளோ மாத்தணும்ங்கறது உங்க கைல இல்ல. டியூனிங்குக்கு யூமிக்-1 மாதிரி ஒரு மைக்கும், ரூம் ஈக்யூ விசார்ட்ங்கற இலவச சாஃப்ட்வேரும் லேப்டாப்பும் போதும், ஆனா பொறுமை வேணும். அது இல்லாதவங்க டியூன் பண்ணத் தெரிஞ்ச ஆள்கிட்ட குடுங்க. டியூன் பண்ணாத டிஎஸ்பி, விலை அதிகமான சாதா ஆம்பு, வேற ஒண்ணுமில்ல.

சப்பு எங்கங்கறது தனி பஞ்சாயத்து. டிக்கில 12 இன்ச் பாக்ஸ்னு யாராவது சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. டிக்கிக்கும் கேபினுக்கும் நடுவுல இரும்புச் சுவர், பேஸ் பாதி டிக்கிலயே உருமும், நம்பர் பிளேட்டு ஆடும், பின்னாடி வர்ற கார்க்காரன்தான் நல்லா கேப்பான். அதோட ஆயிரத்து சொச்சம் கிலோ வண்டில பின் ஆக்சிலுக்கு பின்னாடி இருபது கிலோவா? இந்த வண்டிய எதுக்கு வாங்கினோம்ங்க! பக்கத்து சீட்டு கால் வைக்கற இடத்துல 8 இன்ச் சீல்டு (சுத்தி அடைச்ச) பாக்ஸ், இல்லன்னா கிக்கர் ஹைட்அவே மாதிரி 150 வாட் தட்டை சப்பு, அளந்து பார்த்துட்டு வாங்கினா போதும். போர்ட்டட் (காத்து போக ஓட்டை வச்ச) பாக்ஸ் சத்தம் ஜாஸ்தி தரும், ஆனா இடம் தின்னும், அது டியூன் ஆன ஃப்ரீக்வென்சிக்கு கீழ ஆக்டேவுக்கு, அதாவது ஃப்ரீக்வென்சி பாதியாகற ஒவ்வொரு தடவையும், 24 டெசிபெல் கணக்குல விழும். சீல்டு 12ல மெதுவா இறங்கும், கூரை மூடியிருக்கறப்ப கேபின் கெய்னோட அழகா சேர்ந்துக்கும்.

இப்ப யாரும் கண்டுக்காத டோர். டோரோட உள்பக்க பேடை கழட்டினா உள்தகடுல கை நுழையற அளவு ஓட்டை இருக்கும், அதுக்கு மேல ஒரு பிளாஸ்டிக் ஷீட்டு, சுத்தி கருப்பு பசை. ஸ்பீக்கர் பின்பக்கம் தள்ற காத்து அந்த ஓட்டை வழியா முன்னாடி வந்து முன்பக்க பேஸையே அடிச்சு காலி பண்ணிடும். ஓட்டையை கெட்டியா மூடி, வெளித்தகடுல பியூட்டைல் அலுமினிய டேம்பிங் ஷீட்டை கால்வாசி ஒட்டி, ரோலர்ல அழுத்தி தேய்ங்க. முழுசா ஒட்ட தேவையில்ல, எடைதான் ஏறும். கீழ இருக்கற தண்ணி வடியற துளைய மட்டும் மறந்தும் அடைக்காதீங்க. போஸை மாத்தாம இத மட்டும் பண்ணாலே டோர் பேஸ்ல வித்தியாசம் தெரியும், செலவும் சொற்பம்.

வயரிங்ல, 500 வாட் நிஜ ஆர்எம்எஸ் (தொடர்ந்து தர்ற பவர்) கிளாஸ் டி ஆம்பு ஃபுல்லா போட்டா 45 ஆம்பியர் பக்கம் இழுக்கும், 4 கேஜ் சுத்த செம்பு வயர் போதும். சிசிஏ, அதாவது அலுமினியத்துல செம்பு பூசினது, வேண்டாம், அதே தடிமன்ல செம்போட மூணுல ரெண்டு பங்கு அளவுக்குத்தான் கரண்ட் கடத்தும். ஃபியூஸ் பேட்டரிலேர்ந்து 45 செ.மீ.க்குள்ள இருக்கணும், இதுல காம்ப்ரமைஸே கூடாது.

பட்ஜெட் ஒரே தடவைல இல்லன்னா வரிசை இது: முதல்ல டோர், அப்புறம் டிஎஸ்பி ஆம்பு, அப்புறம் மிதமான விலைல டூ-வே ஸ்பீக்கர், கடைசில சப்பு. வருஷம் பூரா கூரைய திறந்தேதான் ஓட்டுவேன்னா டோரோட நிறுத்திக்கிட்டு போஸையே வச்சுக்கோங்க, நீங்க போற ஸ்பீடுக்கு மிச்சமெல்லாம் காத்துல போற காசு.