மௌனப் பயணம்: டாலஸ் வட்டார மிதிவண்டி நினைவு ஊர்வலம் பற்றி ஒரு மதிப்புரை

வாகனம் மோதி உயிரிழந்த மிதிவண்டிக்காரர்களின் நினைவாக, ஆண்டுதோறும் மே மாதத்தின் மூன்றாம் புதன்கிழமை மாலை 7 மணிக்கு நடைபெறும் 'ரைடு ஆஃப் சைலன்ஸ்' என்னும் மௌனப் பயணத்தில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் நகரை அடுத்த எங்கள் ஊரில் இம்முறை நானும் கலந்துகொண்டேன். கட்டணம் இல்லை; விளம்பரதாரர் பெயர் பொறித்த சட்டையோ பதக்கமோ இல்லை. தலைக்கவசம் அணிய வேண்டும், மணிக்கு 12 மைலுக்கு மேல் போகக் கூடாது, சாலை விதிகளை மீறக் கூடாது, புறப்பட்டது முதல் திரும்பும்வரை பேசக் கூடாது. நிபந்தனைகள் இவ்வளவுதான்.

இந்தப் பயணம் பிறந்ததே டாலஸில்தான். 2003 மே மாதம், லாரி ஸ்வார்ட்ஸ் என்ற நெடுந்தூர மிதிவண்டி வீரர், தம்மைக் கடந்து சென்ற பேருந்தின் பக்கக் கண்ணாடி தாக்கி இறந்தார். கிறிஸ் ஃபீலன் என்பவர் அதே மாதத்தில் முதல் ஊர்வலத்தை நடத்தினார். இன்று அது பல நாடுகளில் நடக்கிறது. மோதியது பேருந்தின் உடல்கூட இல்லை, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கண்ணாடி என்பதை ஒவ்வொரு ஓட்டுநரும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். மிதிவண்டியைக் கடக்கும் கார்கள் குறைந்தது 3 அடி இடைவெளி விட வேண்டும் என்ற மசோதா 2009இல் டெக்சாஸ் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியும், அன்றைய ஆளுநர் ரிக் பெர்ரி தமது மறுப்பு அதிகாரத்தால் அதை நிறுத்திவிட்டார். அந்த 3 அடி எவ்வளவு என்பது, கைப்பிடியில் இருக்கும் நம் முழங்கையைக் காற்று இழுக்கும்படி ஒரு பிக்கப் வண்டி உரசிக்கொண்டு போகும்போதுதான் புரியும்.

புறப்படும் இடத்தில் கையில் கட்டிக்கொள்ளத் துணிப்பட்டை கொடுத்தார்கள். நெருங்கியவரை இழந்தவர்களுக்குக் கறுப்பு, தாமே அடிபட்டவர்களுக்குச் சிவப்பு. எனக்கு முன்னால் சென்றவர் சிவப்புப் பட்டை கட்டியிருந்தார். அவருடைய இடது முழங்கை நிமிரவில்லை. முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் வலக்கையால் பிடிக்கும் ஒரே பிடியில் இணைத்திருந்தார். ஒவ்வொரு சிக்னலிலும் அந்த ஒரு கையால் அவர் வண்டியை நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டே, பேச முடியாமல், ஏறத்தாழ ஒரு மணி நேரம் பின்னால் சென்றேன். எந்தச் சொற்பொழிவைக் கேட்டிருந்தாலும் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

12 மைல் வேகம், வேகமாக ஓட்டிப் பழகியவர்களுக்கு முதலில் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் அந்த வேகத்தில்தான் எழுபது வயதுக்காரரும் பத்து வயதுச் சிறுமியும் ஒரே வரிசையில் வர முடிந்தது. பேச்சு நின்றதும் காதில் விழுவது சக்கரங்களின் கிடுகிடுப்பும் கியர் மாறும் ஓசையும் மட்டுமே. வழியில் ஒரு சந்திப்பில், இறந்தவரின் நினைவாக நிறுத்தப்பட்டிருந்த வெள்ளை மிதிவண்டியைக் கடந்தோம். இருக்கை, டயர், சங்கிலி அனைத்தும் வெள்ளை. சங்கிலியில் மட்டும் பூச்சு உரிந்து துரு தெரிந்தது. இவ்வழக்கமும் 2003இல்தான், செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கியது.

குறைகளையும் சொல்ல வேண்டும். காவலர்கள் சந்திப்புகளில் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட்டார்கள். அது பாதுகாப்புக்குத் தேவைதான். ஆனால் காத்திருந்த ஓட்டுநர்களுக்கு எதற்காக நிற்கிறோம் என்று தெரியவில்லை. ஒருவர் கண்ணாடியை இறக்கி, என்ன பந்தயம் என்று கேட்டார். மௌனம் காத்த எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியாக வருபவரின் முதுகில் ஓர் அட்டை இருந்திருந்தால், ஊர்வலம் போய்ச்சேர வேண்டிய செய்தி அந்த மனிதரிடம் போய்ச்சேர்ந்திருக்கும்.

இதைவிடப் பெரிய குறை விளக்கு விஷயம். புறப்படுமுன் தலைக்கவசத்தை ஒவ்வொருவராகப் பார்த்தவர்கள், விளக்கைப் பார்க்கவில்லை. மே மாத நடுவில் இங்கே சூரியன் மறைவது ஏறத்தாழ 8:20 மணிக்கு. ஊர்வலம் வெளிச்சத்தில் முடிந்தாலும், பங்கேற்றவர்கள் தனித்தனியாக வீடு திரும்பியது இருட்டில், காவலர் எவரும் இல்லாத சாலைகளில். இரவில் ஓட்டும் மிதிவண்டியின் முன்புறம் 500 அடி தொலைவிலிருந்து தெரியும் வெள்ளை விளக்கும், பின்புறம் சிவப்புப் பிரதிபலிப்பானோ சிவப்பு விளக்கோ இருக்க வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம். பிரதிபலிப்பான் போதும் என்று சட்டம் சொன்னாலும், எனக்கு அது போதாது. காரின் முகப்பு வெளிச்சம் அதன்மேல் விழுந்தால்தான் அது மின்னும். பக்கச் சாலையிலிருந்து திரும்பும் கார்க்காரருக்கு அதனால் பயனில்லை. விளக்கு வைத்திருந்தவர்களிலும் சிலருக்கு, இருக்கைக்கு அடியில் தொங்கிய பை அதை முழுவதுமாக மறைத்திருந்தது. பின்னால் நின்று பார்த்தவர் ஒருவர் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் சரியாகியிருக்கும்.

இவ்வளவு இருந்தும், மிதிவண்டி ஓட்டுபவர்கள் மட்டுமன்றி, அவர்களுக்குப் பின்னால் பொறுமையிழந்து ஹாரன் அடிப்பவர்களும் ஒருமுறையேனும் இதில் கலந்துகொள்ள வேண்டும் என்றே பரிந்துரைப்பேன். விலையுயர்ந்த வண்டி தேவையில்லை. பிரேக்கும் டயரும் சரியாக இருந்தால் போதும். 6:30 மணிக்கே போய்விட்டால் காற்று நிரப்பிக்கொள்ளவும் கைப்பட்டை வாங்கவும் நேரம் இருக்கும். ஏற்பாட்டாளர்களிடம் விளக்குச் சோதனையையும் முதுகு அட்டையையும் பற்றி எழுதியிருக்கிறேன். அவர்கள் செய்தாலும் செய்யாவிட்டாலும், அடுத்த மே மாதம் உபரியாக நான்கு பின்விளக்குகளைப் பையில் எடுத்துச் செல்வேன்.