கூரைக் கூடாரம் வைத்த வாடகை பக்கி: டிராக்கன்ஸ்பர்க் போகும் தம்பதிகளுக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து டிராக்கன்ஸ்பர்க் மலைக்குக் கேம்பிங் போக, மேலே கூடாரம் பொருத்திய டபுள் கேப் பக்கியை (இரண்டு வரிசை சீட் உள்ள பிக்கப் வண்டி) வாடகைக்கு எடுக்கலாமா என்று இங்கே நம்மவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஏப்ரல் கடைசியில் நானும் மனைவியும் அப்படித்தான் போய்வந்தோம். தினம் ஓர் ஊர் என்று மாறிக்கொண்டே போகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம். ஒரே கேம்ப்பில் தங்கி அங்கிருந்து நடக்கப் போகிறவர்கள் சாதாரணக் காரும் நல்ல தரைக் கூடாரமும் எடுத்துப் போவதுதான் மேல்.

காரணம் எளிது. கூடாரம் வண்டி மேல் இருக்கிறது, ஆகவே வண்டியை எடுக்க வேண்டுமென்றால் வீட்டையே மடிக்க வேண்டும். நாங்கள் ராயல் நடால் பூங்காவில் மஹாய் கேம்ப்பில் இருந்தோம். டுகேலா பள்ளத்தாக்கு நடைபாதை அங்கிருந்து தொடங்கவில்லை, தென்டெலே பக்கம் சில கிலோமீட்டர் மேலே போய் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் நடக்க வேண்டும். அதனால் விடிந்ததும் முதல் வேலை கூடாரத்தை மடிப்பது. விரிப்பது நிஜமாகவே சுலபம், கவரைத் திறந்து ஏணியைப் பிடித்து இழுத்தால் தானாக நிமிர்ந்துவிடும். மடிப்பதுதான் பாடு. இரவெல்லாம் பனி குடித்த கேன்வாஸ் கனத்துப் போய், கவரின் ஜிப்பை இழுக்கும்போது துணியின் ஒரு மூலை எப்போதும் வெளியே பிதுங்கும். ஒருவர் ஏணியில் நின்று அதை உள்ளே திணிக்க, இன்னொருவர் டயர் மேல் ஏறி ஜிப்பை இழுக்க, கையெல்லாம் விறைத்துவிடும். இரண்டு பேரின் மூச்சே உள்பக்கம் தண்ணீராகப் படியும் என்பதால் எவ்வளவு குளிர்ந்தாலும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துத் தூங்குங்கள்.

மெத்தை நன்றாக இருந்தது, தரைச் சில்லிப்பு ஏறவில்லை. மேலிருந்து ஓடைச் சத்தம் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது என் மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் நடுராத்திரியில் கழிப்பறைக்கு ஏணி இறங்கத்தான் வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் இதை நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள்.

வண்டி கொடுத்தவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. கேஸ் சிலிண்டர் பாதிதான் இருந்தது. ஃபிரிட்ஜுக்குத் தனி பேட்டரி இருப்பதாகச் சொன்னார்கள், வண்டியில் அப்படி ஒன்றும் இல்லை. கேம்ப்பில் கரண்ட் உள்ள இடமாகப் பதிந்திருந்தும், அதில் செருக வேண்டிய நீல நிறக் கேரவன் பிளக் வயரைக் கொடுக்கவில்லை. பக்கத்துக் கேரவன்காரப் பெரியவர் தன்னுடையதைத் தந்ததால்தான் மீனும் தயிரும் பிழைத்தன. சாவி வாங்குவதற்கு முன் அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள், ஃபிரிட்ஜை ஓடவிட்டுப் பாருங்கள், கூடாரத்தை அங்கேயே ஒருமுறை விரித்து மடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் இன்ஷூரன்ஸ் தாளில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி சேருமா என்று கேளுங்கள், பல இடங்களில் சேராது.

இவ்வளவு பட்டும் அந்த நடைக்காக மறுபடி போவேன். ஆம்பிதியேட்டர் பாறைச்சுவர் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளத்துக்கு எதிரே நிற்க, டுகேலா அருவி அதிலிருந்து 948 மீட்டர் படிப்படியாக இறங்குகிறது. பாதை வெயில் காயும் புல்வெளியில் போய்க்கொண்டே இருந்து சட்டென்று மஞ்சள்மர (யெல்லோவுட்) காட்டுக்குள் நுழையும், அங்கே மணமே மாறிவிடும், ஈரமும் மக்கிய இலையும். காட்டுத்தீ எட்டாத ஈரப் பள்ளங்களிலும், வெயில் குறைவாக விழும் தென்பக்கச் சரிவுகளிலும்தான் இந்த மலைக்காடு தங்கியிருக்கிறது, மற்றதெல்லாம் புல். 1916-ல் தொடங்கிய பூங்கா இது. 1947-ல் பிரிட்டிஷ் அரச குடும்பம் வந்து தங்கியதால் பெயரில் ராயல் சேர்ந்தது.

திரும்பும்போது மங்க்ஸ் கவுலிலும் தங்கினோம். அங்கே கேம்ப்பிலிருந்தே நடக்கத் தொடங்கலாம், வண்டியை அசைக்கவே வேண்டாம், ஒரே இடத்தில் தங்குபவர்களுக்கு அதுதான் வசதி.

பபூன்களிடம் கவனம். சாப்பாடு எதையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள், எல்லாம் பூட்டிய வண்டிக்குள். நாங்கள் புளியோதரையும் இட்லிப் பொடியும் எடுத்துப் போனோம், அடுப்பு மூட்டும் வேலை பாதி குறைந்தது. ஏப்ரல் 27, மே 1 விடுமுறைகளை ஒட்டிப் போவதென்றால் வெகு முன்னதாகவே இடம் பதிய வேண்டும். இங்கத்திய கோடையில் (டிசம்பர், ஜனவரி வாக்கில்) மதியத்துக்கு மேல் இடி மழையும் ஆலங்கட்டியும் வரும், நடையைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து லிம்போபோ பக்கம் மாகூபாஸ்க்ளூஃப் காடுகளுக்கு, தினம் இடம் மாறும் பயணமாகப் போக இருக்கிறோம். அதற்குக் கூரைக் கூடார வண்டியேதான் எடுப்போம், வேறு கம்பெனியில்.