சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை கதை நேரம்: ஆக்டோபஸ் கதைக்குப் பிள்ளைகளை நம்பி அனுப்பலாம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பட்டணத்தில் புத்தகக் கடை ஒன்றின் மாடியில் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குத் தமிழில் அறிவியல் கதை சொல்கிறார்கள், தலைக்குப் பத்து வெள்ளி. இந்த மாதம் மீன் காட்சியகங்களில் ஆக்டோபஸ் அடித்த கூத்துகள்தான் கதை. பணம் கட்டி அனுப்பலாமா என்று பள்ளி வாசலில் பல பெற்றோர் கேட்கிறார்கள். தாராளமாக அனுப்பலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, கதை சொல்லும் டீச்சர் எதையும் இட்டுக்கட்டுவதில்லை. பேசுகிற ஆக்டோபஸ், தொப்பி போட்ட ஆக்டோபஸ் எல்லாம் கிடையாது. நடந்ததை நடந்தபடியே சொல்கிறார், அதற்கே பிள்ளைகள் வாய் பிளக்கிறார்கள். நியூசிலாந்தில் நேப்பியர் என்ற ஊரில் உள்ள தேசிய மீன் காட்சியகத்திலிருந்து 2016-இல் இங்கி என்ற ஆக்டோபஸ் தப்பித்துப் போனது. தொட்டியின் மூடி சரியாக மூடாமல் லேசாகத் திறந்திருக்க, ராத்திரியில் அந்த இடுக்கு வழியே வெளியே வந்து, தரையில் ஊர்ந்து, தண்ணீர் வடிகிற குழாய்க்குள் புகுந்து, சுமார் 50 மீட்டர் தூரம் போய்க் கடலில் இறங்கிவிட்டது. தரையில் கிடந்த ஈரத் தடத்தை வைத்துத்தான் அது போன வழியைக் கண்டுபிடித்தார்கள். கூட இருந்த பிளாட்ச்சி என்ற ஆக்டோபஸ் போகவில்லை, அங்கேயே இருந்துவிட்டது.

இதைச் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குத் தாவியிருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். டீச்சர் பிள்ளைகளைக் கீழே கடை வரிசைக்கு முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதைக்குக் கூட்டிப்போய், ராஃபியா கயிற்றின் ஒரு முனையைக் கடை வாசல் தூணில் கட்டி 50 மீட்டர் அளக்க வைத்தார். கயிறு மளிகைக் கடை, முடிதிருத்தும் கடை, பாத்திரக் கடை எல்லாம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது, வெற்றிலை வாங்க வந்த ஒரு பாட்டி நின்று என்ன ஏது என்று விசாரித்தார். அப்புறம் மாடிக்கு வந்து 15 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கம்பியை வளையமாக வளைத்துக் கொடுத்தார், அந்தக் குழாயின் அகலம் அவ்வளவுதான். ஒரு பையன் கையை விட்டுப் பார்த்தான், தோள்பட்டையில் வந்து நின்றுவிட்டது. ஆக்டோபஸுக்கு எலும்பே இல்லை, உடம்பில் கெட்டியாக இருப்பது கிளி மூக்கு மாதிரியான அந்த வாய் ஒன்றுதான், அது நுழைகிற இடத்தில் மொத்த உடம்பும் நுழைந்துவிடும் என்று அந்த நேரத்தில் சொன்னார். புத்தகத்தில் படித்திருந்தால் என் மகள் மறந்திருப்பாள், இப்போது வீட்டில் குழாய் ஒன்றை விடாமல் கை விட்டுப் பார்க்கிறாள்.

ஜெர்மனியில் கோபுர்க் நகரத்து மீன் காட்சியகத்தில் இருந்த ஓட்டோ என்ற ஆக்டோபஸின் கதையும் நன்றாக இருந்தது. 2008-இல் அங்கே ராத்திரியானால் மின்சாரம் நின்றுகொண்டே இருந்ததாம். ஊழியர்கள் ராத்திரி தங்கிக் காவல் இருந்து பார்த்தால், இந்த ஓட்டோ தொட்டி விளிம்பில் ஏறி மேலே எரிந்த 2000 வாட் விளக்கின் மேல் தண்ணீரைப் பீய்ச்சியடித்திருக்கிறது. மூன்று இதயம், நீல ரத்தம், சுமார் 50 கோடி நரம்பணுக்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு கைகளிலேயே இருப்பது, இதெல்லாம் பிள்ளைகள் கேள்வி கேட்கக் கேட்க இடையிடையே வந்தது, குறிப்பு எழுதிக்கொள்ளச் சொல்லவில்லை.

ஒரு சின்னப் பெண், "டீச்சர், இங்கி இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டாள். "தெரியாதும்மா, கடலுக்குப் போனதுக்கு அப்புறம் அதை யாரும் பார்க்கல" என்றார் டீச்சர். பெண் ஆக்டோபஸ் முட்டைகளைக் காவல் காக்கும்போது சாப்பாட்டையே விட்டுவிடும், குஞ்சு பொரிக்கிற சமயத்தில் செத்துப்போகும் என்பதையும் மறைக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அது சரியென்றே படுகிறது. செம்பனைத் தோட்டத்தில் வளர்கிற பிள்ளைகள் ஆடு, கோழி சாவதைப் பார்க்காமலா இருக்கிறார்கள்? அவர்களிடம் பூசி மெழுக வேண்டிய தேவை இல்லை.

குறைகளும் உண்டு. ஒரே ஒரு மின்விசிறி, பதினொரு மணிக்கு மேல் மாடி வெந்துபோகிறது. பத்து மணி என்று சொல்லிவிட்டு எல்லாரும் வரட்டும் என்று காத்திருப்பது நேரத்துக்கு வந்தவர்களுக்குச் செய்கிற அநியாயம். ஐந்து வயதுக் குழந்தைகளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்தால் சின்னவர்கள் பாதியில் அழுகிறார்கள், இரண்டு குழுவாகப் பிரிக்கலாம். தனியாக இரண்டு வெள்ளி வாங்கிக்கொண்டு கொடுக்கும் வண்ணம் தீட்டும் தாளை நான் வாங்கவே வேண்டாம் என்பேன், அதில் இருக்கும் ஆக்டோபஸுக்கு எட்டுக்குப் பதில் ஆறு கை. இவ்வளவு அக்கறையாகக் கதை சொல்கிற இடத்தில் அந்தத் தாள் இருக்கக் கூடாது.

கோலாலம்பூரில் பெரிய மீன் காட்சியகம் இருக்கிறது, போகலாம்தான், ஆனால் டோல், பெட்ரோல், நுழைவுச் சீட்டு என்று கணக்குப் பார்த்தால் தோட்டத்தில் வேலை செய்கிற குடும்பத்துக்கு அது வருஷத்துக்கு ஒரு தடவைச் சமாச்சாரம். இந்த மாடிக்கு மோட்டாரிலேயே வந்துவிடலாம். ஏழு வயதுக்கு மேல் என்றால் யோசிக்காமல் அனுப்புங்கள், தண்ணீர்ப் புட்டி கொடுத்து விடுங்கள், முன்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள், விசிறிக் காற்று அங்கேதான் வருகிறது.