அமர்வுக் கணக்கு யாரிடம் இருக்கட்டும்: சர்வரிடமா, கைப்பேசியிடமா?

இணையதளத்தை வழங்கும் கணினியான சர்வரும் நம் உலாவியும் பேசிக்கொள்ளும் முறைதான் எச்டிடிபி. அதற்கு ஞாபகம் கிடையாது. இப்போது ஒரு பக்கத்தைக் கேட்டவரும் அடுத்த நொடி இன்னொரு பக்கத்தைக் கேட்டவரும் ஒருவரே என்பது அதற்குத் தெரியாது. உள்நுழைந்தவரை அடுத்தடுத்த பக்கங்களிலும் அடையாளம் காண்பதற்கான ஏற்பாடுதான் அமர்வு. அதற்குச் சில வழிகள் உண்டு. எது நல்லது என்று கேட்பவரிடம், பயனர் யார், அவர் கையிலிருக்கும் கைப்பேசி யாருடையது என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தை எடுத்துக்கொள்வோம். கூட்டுறவுக் கடையின் பற்றுவரவை உறுப்பினர்கள் இணையத்தில் பார்க்க வேண்டும். அம்மாவின் கைப்பேசியில்தான் மகன் வீட்டுப்பாடம் செய்கிறான். மாலையில் அதே கைப்பேசியைப் பக்கத்து வீட்டு அக்காள் வாங்கிப் பேசுகிறார். பழையதைக் கடையில் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கும்போது, உள்ளே இருப்பதை அழிக்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. ஒரு குடும்பம் கடையில் எத்தனை வெள்ளி கடன் வைத்திருக்கிறது என்பது வெளியே கசிந்தால், அந்த வீட்டுக்கு அது பெரிய தலைகுனிவு. இந்த மக்களை மனத்தில் வைத்துத்தான் வழிகளை ஒப்பிடுகிறேன்.

இரண்டு வழிகளை உடனே தள்ளிவிடலாம். ஐபி முகவரியை வைத்து ஆளை அடையாளம் காண்பது முதலாவது. கைப்பேசி நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குள் அடைக்கின்றன. வீட்டு வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலே முகவரி மாறிவிடும். அமர்வு எண்ணை இணைய முகவரியிலேயே ஒட்டி அனுப்புவது இரண்டாவது. அந்த இணைப்பை ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தால் அவருடைய கணக்கையே பகிர்ந்ததாகிவிடும்.

மிஞ்சுவதில் மூத்தது குக்கீ, அதாவது சர்வர் கொடுக்க, உலாவி சேமித்துவைத்து ஒவ்வொரு கோரிக்கையோடும் திருப்பி அனுப்பும் சிறு குறிப்பு. 1994இல் நெட்ஸ்கேப் உலாவி நிறுவனத்தில் லூ மொன்டுல்லி உருவாக்கியது. 2011இல் வந்த ஆர்எஃப்சி 6265 என்ற இணையத் தர ஆவணம் அதன் விதிகளை ஒழுங்குபடுத்தியது. சர்வர், ஊகிக்க முடியாத ஒரு நீண்ட எண்ணைக் குக்கீயில் கொடுக்கிறது. அந்த எண் யாருடையது, எப்போது வரை செல்லும் என்ற விவரமெல்லாம் சர்வரிடமே இருக்கும். பழைய தோட்ட நிர்வாகத்தில் கிராணியிடம் (எழுத்தரிடம்) இருந்த செக்ரோல் என்னும் ஆள்பதிவுப் புத்தகத்தைப் போன்றது இது: புத்தகத்தில் பெயரை அடித்துவிட்டால் அந்த ஆளுக்கு அன்றே வேலை இல்லை. கைப்பேசி தொலைந்துவிட்டது என்று ஓர் உறுப்பினர் கடைக்கு வந்து சொன்னால், அவருடைய அமர்வுகளைத் தரவுத்தளத்திலிருந்து நீக்கினால் போதும். கைப்பேசியை எடுத்தவர் அடுத்த பக்கத்தைத் திறக்கும்போதே வெளியே நிற்பார்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் தரவுத்தளத்தைத் தொட வேண்டுமே என்பது இதன்மேல் வழக்கமாகச் சொல்லப்படும் குறை. சில ஆயிரம் உறுப்பினர்கள் உள்ள கூட்டுறவுக்கு அது ஒரு சுமையே அல்ல. உண்மையான தொல்லைகள் வேறு. இணையதள நிரல்மொழியான பிஎச்பி இயல்பாக அமர்வுகளைக் கோப்புகளில் வைக்கிறது. அவற்றின் ஆயுள் 1440 நொடி, அதாவது 24 நிமிடம். அதற்கு மேல் சும்மா கிடக்கும் கோப்பு எந்நேரமும் துடைக்கப்படலாம். செம்பனைக் காட்டுக்குள் சிக்னல் போய், அரை மணி கழித்துத் திரும்புகிறவர் பாதி நிரப்பிய படிவத்தை இழந்து நிற்கலாம். மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் எல்லாத் தளங்களின் அமர்வுக் கோப்புகளும் ஒரே அடைவில் கிடந்தால், குறைந்த ஆயுள் வைத்திருக்கும் பக்கத்துத் தளம் உங்கள் கோப்புகளையும் சேர்த்துத் துடைத்துவிடும். அமர்வுகளைத் தரவுத்தளத்துக்கோ, நினைவகத்தில் இயங்கும் தரவுக்கிடங்கான ரெடிஸுக்கோ மாற்றி, ஆயுளையும் நீட்டினால் இந்தத் தொல்லை தீரும்.

விவரத்தையே குக்கீக்குள் எழுதி, சர்வரின் இரகசியச் சாவியால் கையொப்பமிட்டு அனுப்புவது அடுத்த வழி. ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற தளக் கட்டமைப்பின் இயல்பான ஏற்பாடு இந்த வகைதான்; அது இப்போது குக்கீயைப் பிறர் படிக்க முடியாதபடி குறியாக்கமும் செய்கிறது. அமர்வுக்கென்று தரவுத்தளம் தேவையில்லை. ஆனால் ஒரு குக்கீக்கு ஏறத்தாழ 4096 பைட்டுதான் இடம். இதைவிடப் பெரிய சிக்கல், கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாமை. பயனர் வெளியேறிய பிறகும், முன்னரே நகலெடுத்து வைத்த குக்கீ காலாவதியாகும்வரை செல்லும்.

2015இல் ஆர்எஃப்சி 7519 வழியாகத் தரப்படுத்தப்பட்ட ஜேடபிள்யூடி டோக்கனுக்கும், அதாவது விவரத்தையே உள்ளே எழுதிக் கையொப்பமிட்ட அனுமதிச் சீட்டுக்கும், இதே குணம்தான். புதிதாக நிரல் எழுதும் நம் பிள்ளைகள் பலர் இதையே முதலில் கற்கிறார்கள். பயிற்சிக் காணொளிகளில் கண்டபடி டோக்கனை உலாவியின் சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் போட்டுவிடுகிறார்கள். இது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. லோக்கல் ஸ்டோரேஜில் உள்ளதைப் பக்கத்தில் ஓடும் எந்த ஜாவாஸ்கிரிப்டும் படிக்கும். கருத்துப் பெட்டி வழியாக ஒரு நச்சு வரி நுழைந்தால் டோக்கன் அப்படியே வெளியே போய்விடும். இன்னொன்று, வழக்கமான ஜேடபிள்யூடி கையொப்பமிடப்பட்டது மட்டுமே, மறைக்கப்பட்டதல்ல. அதற்குள் அடையாள அட்டை எண்ணை எழுதிவைத்தால், டோக்கன் கையில் கிடைத்தவர் எவரும் பிரித்துப் படித்துவிடலாம். தொலைந்த கைப்பேசியின் டோக்கனை முடக்க ஒரு தடைப்பட்டியல் வேண்டும்; ஒவ்வொரு கோரிக்கையிலும் அதைப் பார்க்கவும் வேண்டும். அப்படிப் பார்க்கத் தொடங்கினால் தரவுத்தளத்தைத் தொடாமல் இருக்கும் இலாபம் எங்கே?

ஜேடபிள்யூடி பொருந்தும் இடங்கள் இருக்கின்றன. தனித்தனிச் சர்வர்களில் ஓடும் பல சேவைகள் ஒரே உள்நுழைவை ஏற்க வேண்டும் என்றாலோ, ஒரு நிறுவனம் கொடுத்த அடையாளத்தை இன்னொரு நிறுவனம் சரிபார்க்க வேண்டும் என்றாலோ அது நல்ல கருவி. அங்கேயும் டோக்கனின் ஆயுள் சில நிமிடங்களாக இருக்கட்டும். காலாவதியானதற்குப் பதில் புதியதை வாங்கித் தரும் ‘புதுப்பிக்கும் டோக்கனை’ச் சர்வர் தன் பதிவேட்டில் வைத்திருக்கட்டும்.

கூட்டுறவுக் கடைக்கு என் தேர்வு சர்வர் பக்க அமர்வுதான். அதையும் காவலோடு வைக்க வேண்டும். 2010 அக்டோபரில் வெளிவந்த ஃபயர்ஷீப் என்ற ஃபயர்ஃபாக்ஸ் நீட்சி, திறந்த வைஃபையில் குறியாக்கம் இல்லாமல் பறந்த குக்கீகளைப் பிடித்து, அடுத்தவர் கணக்குக்குள் எவரும் நுழையலாம் என்று காட்டியது. தளம் முழுவதும் குறியாக்கம் செய்யும் எச்டிடிபிஎஸ் வழியாகவே ஓட வேண்டும்; குக்கீயில் செக்யூர் (எச்டிடிபிஎஸில் மட்டும் அனுப்பு), எச்டிடிபிஒன்லி (ஜாவாஸ்கிரிப்டுக்குக் காட்டாதே), சேம்சைட் (பிற தளங்களிலிருந்து எழும் கோரிக்கையோடு அனுப்புவதைக் கட்டுப்படுத்து) என்ற மூன்று குறிப்புகளும் இருக்க வேண்டும். 2020 முதல் குரோம், சேம்சைட் குறிப்பிடாத குக்கீயை லாக்ஸ் (தளர்வான கட்டுப்பாடு) என்றே எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் நீங்களே எழுதிவிடுவது நல்லது. கடவுச்சொல் சரி என்று தெரிந்தவுடன் அமர்வு எண்ணை மாற்றுங்கள். இல்லாவிட்டால் முன்கூட்டியே ஓர் எண்ணைத் திணித்துவைத்தவர் பின்னாலேயே உள்ளே வந்துவிடுவார். வெளியேறும்போது குக்கீயை அழிப்பதோடு சர்வரில் உள்ள பதிவையும் நீக்குங்கள். ‘எல்லாக் கைப்பேசிகளிலிருந்தும் வெளியேறு’ என்ற பொத்தானைக் கணக்குப் பக்கத்தின் மேலேயே, தமிழிலும் மலாயிலும் வையுங்கள்.